மகாராணி நிற்கிறாள்

பிப்ரவரி 9

என் அருமை வாலு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். அக்காவின் குணமே கோணல்தான் என்பாய், சொல்லிக்கொள். நீ தினம் வேளைக்குச் சாப்பிடுகிறாய், ஹாஸ்டலில் உன் மகள் ஒழுங்காகப் படிக்கிறாள் என்று நம்பிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் போனில், "வயித்துல ஒரு சின்னக் கோளாறு, ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேனே, அது சின்னக் கோளாறு இல்லை. எனக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. கொஞ்சநஞ்சம் இல்லை, வெளியிலேயே வந்து நின்றது. கீழ்வழியாகவே கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, தொய்ந்துபோன சுவர்களைத் தூக்கித் தைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. இதைப் போனில் சொல்ல நாக்கு எழவில்லை. இந்த வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் இங்கே நாங்கள் மூக்கைத் துடைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவு மெல்லிய சுவர். பேனாவுக்கு அந்த வெட்கம் இல்லை.

மூன்று வருஷமாக இருந்தது. ஹோட்டல் லாண்டரியில் என் வேலை உனக்குத் தெரியும். மெஷினிலிருந்து படுக்கை விரிப்புகளை ஈரத்தோடு உருவி டிராலியில் போடவேண்டும். ஈரத் துணியின் கனம் தூக்கினவளுக்குத்தான் தெரியும். சாயந்திரமானால் அடியில் ஏதோ இழுக்கும். முதலில் இடுப்பு வலி என்று இருந்தேன். அப்புறம் தெரிந்துவிட்டது. தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டரம்மா, "உங்க அம்மாவுக்கு இருந்துதா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் அம்மா நின்ற விதம் ஞாபகத்துக்கு வந்தது. கதவு நிலையில் ஒரு தோளைச் சாய்த்து, ஒரு காலை இன்னொரு காலுக்குக் குறுக்கே போட்டு, இடுப்புக்குப் பின்னால் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்பாளே. யார் வந்தாலும் உட்கார மாட்டாள். அத்தை அதைத் திமிர் என்பாள். நாம் இரண்டு பேரும் "மகாராணி நிற்கிறாள்" என்று அதேபோல் நின்று காட்டி உருண்டு புரண்டு சிரிப்போம். அம்மாவும் கூடச் சிரித்தாள். அவள் பாவம், விழாமல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள் வாலு. ஒரு வார்த்தை சொல்லாமலே போய்ச் சேர்ந்தாள்.

இப்போது தண்ணீர்க் கெட்டிலைவிடக் கனமான எதையும் தூக்கக்கூடாது. இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். உன் மாமா பால் காய்ச்சுகிறார். அது பொங்கித் தானாக அடுப்பை அணைத்துக்கொள்கிறது. மற்றபடி குறை இல்லை.

நீ பதறி ஓடி வராதே. எழுது போதும்.

உன் அக்கா

&nbsp;

பிப்ரவரி 20

கால் நீட்டிப் படுத்திருக்கும் அக்காவுக்கு,

உன் கடிதத்தை பஸ் டிப்போவில், நின்றிருந்த வண்டியின் கடைசி சீட்டில் உட்கார்ந்து படித்தேன். டிரைவர் அண்ணன் வந்து, "என்னம்மா, யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். மூன்று வருஷம் மறைத்ததை இப்போதுதான் பார்க்கிறேன். உனக்குக் கூடப்பிறந்தவள் என்று ஒருத்தி எதற்கு? ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் ராத்திரி யார் படுத்திருந்தார்கள், பாத்ரூமுக்கு யார் கூட்டிப்போனார்கள் என்றுகூட எழுதவில்லை நீ. உன்னை நேரில் பார்த்தால் முதலில் திட்டிவிட்டுத்தான் நலம் விசாரிப்பேன்.

மாமாவைப் பற்றி எழுதியிருந்தாய். ஊரில் எத்தனையோ கட்டடத்தில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களைப் பத்திரமாக இறக்கிவிட்ட லிஃப்ட் மெக்கானிக், ஒரு சொம்புப் பாலை நேரத்துக்கு இறக்கத் தெரியாமல் நிற்கிறாரா? அடுப்புக்கும் ஒரு பட்டன் வைத்துக்கொடு, பழகிவிடுவார்.

இன்னொன்று. போன வாரம் என் பஸ்ஸிலேயே நான் ஒரு கண்ணாடியோடு சண்டை போட்டேன். ஆமாம், முகம் பார்க்கிற கண்ணாடியோடுதான், வாய்ச்சண்டை. அதற்கு ஒரு முழுக் கடிதம் வேண்டும், தனியாக எழுதுகிறேன். தலையணையைத் தயாராக வைத்துக்கொள்.

அப்புறம் அக்கா, உனக்கு முதலில் எப்படித் தெரிந்தது? என்ன மாதிரி இருந்தது? விவரமாக எழுது. சும்மாதான் கேட்கிறேன். டிப்போவில் இத்தனை பெண்கள் இருக்கிறோம், யாருக்காவது உதவும்.

மகள் பரீட்சைக்குப் படிக்கிறாள். எனக்கு ஒரு குறையும் இல்லை.

வாலு

&nbsp;

மார்ச் 3

அன்பு வாலுவுக்கு,

நாலு அடி நடந்து ஜன்னலோரம் உட்காரும் அளவுக்கு வந்துவிட்டேன். இந்த நல்ல சேதியோடு ஒரு கெட்ட சேதி, உன் கடிதத்தால் எனக்குத் தையல் பிரிந்துவிட்டது என்றே நினைத்தேன். பால் விஷயத்தைப் படித்து என்னை அறியாமல் சிரித்தேன். சுரீர் என்று அடியில் ஒரு வலி. அன்று முழுவதும் அசையாமல் படுத்துக்கிடந்தேன். தயவுசெய்து என்னைச் சிரிக்க வைக்காதே. கண்ணாடிச் சண்டையை இப்போது எழுதாதே, பூட்டி வை.

நீ நினைப்பாய், இவளுக்கு என்ன இவ்வளவு பயம் என்று. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, "சிலருக்குத் திரும்ப இறங்கலாம், ஜாக்கிரதையா இருங்க" என்றார். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று அவர் பத்து வார்த்தை சொல்லியிருப்பார். அதெல்லாம் போய்விட்டது. அந்தச் 'சிலருக்கு' மட்டும் காதில் உட்கார்ந்துகொண்டது. அந்தச் சிலரில் நான் ஏன் இருக்கக்கூடாது? அம்மா பெண்தானே நான்.

இதை உன் மாமாவிடம் சொன்னேன். அவர் யோசித்துப் பார்த்து, "எந்த லிஃப்டுக்கும் ஆயுசு கேரண்டி கிடையாது" என்றார். ஆறுதல் சொல்கிறாராம். அன்று ராத்திரி அவர் காய்ச்சிக் கொடுத்த பாலை நான் குடிக்கவில்லை.

தினமும் காலையில் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கைக்கண்ணாடியை வைத்துப் பார்க்கிறேன். சாயந்திரமும் பார்க்கிறேன். பார்த்துவிட்டு வந்தால் ஒரு மணி நேரம் நிம்மதி, அப்புறம் மறுபடியும் சந்தேகம். இதை உன்னிடம்தான் சொல்கிறேன்.

நீ கேட்டதற்கு: முதலில் அடியில் ஒரு கனம், அவ்வளவுதான். பிறகு எத்தனை தடவை ஒன்றுக்குப் போனாலும் முழுசாகப் போன மாதிரி இராது. உங்கள் டிப்போவில் யாருக்காவது அப்படி இருந்தால் என்னைப்போல் உட்கார்ந்திருக்காமல் டாக்டரிடம் போகச் சொல்.

பிசியோதெரபி சொல்லிக்கொடுக்கும் பெண் வாரம் ஒருநாள் வரச் சொல்லியிருக்கிறாள். அடித்தசையை இறுக்கிப் பிடித்து, பிறகு தளர விடவேண்டும். பிடிப்பது எனக்கு நன்றாக வருகிறதாம், விடுவதுதான் வரவில்லையாம்.

உன் அக்கா

&nbsp;

மார்ச் 18

அக்கா,

உத்தரவுப்படி சிரிப்பில்லாத கடிதம்.

இங்கே மழை. பஸ் ஓடியது. ஏறினார்கள், டிக்கெட் கொடுத்தேன், இறங்கினார்கள். கண்ணாடி பூட்டுக்குள் இருக்கிறது.

ஒன்றிரண்டு சந்தேகம். ஆபரேஷன் முடிந்து எத்தனை வாரம் வேலைக்குப் போகக்கூடாது? நாளெல்லாம் நின்றே வேலை செய்கிறவர்களுக்கு என்ன சொல்கிறார்கள்? ஆபரேஷன் இல்லாமல் வேறு வழி ஏதும் உண்டா? எங்கள் செக்‌ஷனில் ஒரு பெண் கேட்கச் சொன்னாள்.

பயப்படாதே. காலத்துக்குச் சாப்பிடு. மாமாவைக் கோபித்துக்கொள்ளாதே, அவருக்குத் தெரிந்த பாஷையில்தானே அவர் பேசுவார்.

வாலு

&nbsp;

ஏப்ரல் 19

அன்பு வாலுவுக்கு,

நீ கேட்ட சந்தேகங்களுக்கு அன்றே பதில் எழுத நினைத்தேன், தள்ளிப்போய்விட்டது. இரண்டு மாதம் கனமான வேலை கூடாது, அதற்கப்புறமும் தூக்குவது கூடாது. ஆபரேஷன் வேண்டாதவர்களுக்கு உள்ளே ஒரு வளையம் வைத்துத் தாங்கவிடுகிறார்கள். அந்தப் பெண்ணிடம் சொல். அவள் யார்? என்ன வயது?

நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். ஈரத் துணிப் பக்கம் போகவேண்டாம் என்று மேஸ்திரியம்மாள் என்னை மடிக்கிற மேஜைக்கு மாற்றிவிட்டாள். காய்ந்த விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடிக்கிற வேலை. என் எதிரில் பிடிப்பவள் நல்ல பெண், நான் குனியப்போனால் அவளே குனிந்து எடுத்துவிடுவாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, போன செவ்வாய் வரைக்கும்.

செவ்வாயன்று யாரோ உலர்த்துகிற மெஷினின் வடிகட்டியைத் திறந்து தட்டினார்கள். பஞ்சு பறந்தது. எனக்குத் தும்மல் வந்தது. ஒன்றல்ல, வரிசையாக. தலையணை ஏது அங்கே? கையிலிருந்த விரிப்பை வயிற்றோடு அழுத்திக்கொண்டு தும்மினேன். அன்று சாயந்திரம் படி ஏறும்போது அதே கனம். எனக்குத் தெரியாதா அந்தக் கனம்? மூன்று வருஷம் அதோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

கண்ணாடியில் பார்த்தேன். ஏதோ தெரிகிற மாதிரி இருந்தது. மறுபடி பார்த்தால் இல்லை. மறுபடி பார்த்தால் இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிக்கொண்டு கண்ணாடியை வைத்துவிட்டேன்.

உன் மாமாவிடம் சொல்லவில்லை. டாக்டரம்மாவைப் பார்க்கவேண்டிய நாளும் வந்தது. லாண்டரியில் லீவு இல்லை என்று பொய் சொல்லித் தள்ளிப்போட்டேன். போகாதவரைக்கும் அது வெறும் சந்தேகம். போய்ப் படுத்தால் உறுதியாகிவிடும். காலை நடையை நிறுத்திவிட்டேன். பிசியோ பெண்ணிடமும் போகவில்லை. வயிறு கனத்தால் முக்க நேரும் என்று ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். கடையில் எதிரே வந்த ஒரு தெரிந்தவளின் குழந்தை கையை நீட்டியது, தூக்கவில்லை. அவள் முகம் சுருங்கிவிட்டது.

அறுத்துத் தைத்து இவ்வளவு பட்டும் இதுதான் மிச்சமா வாலு? மனசு சரியில்லை. அந்தக் கண்ணாடிச் சண்டையைப் பூட்டிலிருந்து எடுத்து எழுது. கொஞ்சமாகச் சிரித்துக்கொள்கிறேன்.

உன் அக்கா

&nbsp;

மே 11

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது. டூட்டி மாற்றம், அது இது என்று நேரம் கிடைக்கவில்லை. மகள் பாஸாகிவிட்டாள். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

கண்ணாடி விஷயம் ஒன்றும் பெரிதில்லை. எழுத உட்கார்ந்தால் பாதி மறந்துபோய்விட்டது. விடு.

நீ வீணாகப் பயப்படுகிறாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எல்லாக் கனமும் அதுவாகிவிடாது. உண்மையாகவே இறங்கியிருந்தால் உட்காரும்போது ஒரு முட்டையின்மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும், ஒரு பக்கமாகச் சரிந்துதான் உட்கார முடியும். காலையில் எழுந்ததும் ஒன்றும் தெரியாது, நாம் நன்றாகிவிட்டோம் என்றே நினைப்போம். மூன்றாவது டிரிப் முடிவதற்குள் வந்துவிடும். அப்புறம் எதிலாவது சாய்ந்தால்தான் ஆகும். உனக்கு அப்படியெல்லாம் இல்லையே. அதனால் அது இல்லை. நிம்மதியாகத் தூங்கு.

டாக்டரிடம் போகவேண்டாம் என்று சொல்லமாட்டேன். போ என்று வற்புறுத்தவும் மாட்டேன். உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது போ.

வாலு

&nbsp;

மே 19

வாலு,

நலம் விசாரிக்கப் போவதில்லை, நேராகக் கேட்கிறேன்.

முட்டையின்மேல் உட்கார்ந்த மாதிரி என்று நான் உனக்கு எழுதவே இல்லை. சரிந்து உட்கார்ந்ததையும் எழுதவில்லை. எனக்கு அப்படித்தான் இருந்தது, ஆனால் அதைச் சொல்ல எனக்கு வார்த்தை கிடைத்ததில்லை. உனக்கு எப்படிக் கிடைத்தது?

லாண்டரியில் டிரிப் கிடையாது.

அந்தச் செக்‌ஷன் பெண்ணை எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். ஓடுகிற வண்டியில் நாளெல்லாம் நிற்கிறவள், வழியில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரே குடிக்காதவள், புருஷன் போனபிறகு எதையும் யாரிடமும் சொல்லப் பழகாதவள். அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டுச் சொல். இப்போதெல்லாம் அவள் எப்படி நிற்கிறாள்?

உன் அக்கா

&nbsp;

ஜூன் 14

அன்பு வாலுவுக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போனிலும் மழை, வெயில், மகள் என்று பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். உன்மேல் கோபம் இல்லை. அம்மா நம் மூன்று பேருக்கும் சேர்த்து வாயை மூடிக்கொண்டிருந்தாள், அது நம் இரத்தத்தில் ஊறியிருக்கிறது.

உன்னை டாக்டரிடம் போ என்று எழுதப் பேனாவை எடுப்பேன். எழுத முடியாது. நானே போகாமல் உட்கார்ந்திருக்கிறேன், உனக்கு என்ன சொல்ல? ஊருக்குத்தான் உபதேசம் என்றாகிவிடும். அதனால் போன வாரம் போனேன். உனக்காகப் போனேன் என்றுதான் சொல்லவேண்டும், எனக்காகப் போகத் தைரியம் வரவில்லை.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று இரண்டு வரியில் முடித்திருக்கலாம். நீயும் தைரியமாகப் போவாய். ஆனால் அப்படி எழுதினால் அம்மா செய்ததைத்தான் நானும் செய்கிறேன். உண்மையைப் படித்துவிட்டு, அறுத்தும் பிரயோஜனமில்லை, எதற்குப் போகவேண்டும் என்று நீ உட்கார்ந்துவிடுவாயோ என்றும் பயமாக இருக்கிறது. அந்தப் பயத்தோடேயே எழுதுகிறேன்.

கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மேலே தைத்தது கெட்டியாக இருக்கிறதாம். முன்பக்கச் சுவர், மூத்திரப்பை சாய்ந்திருக்கிற பக்கம், லேசாகத் தொய்ந்திருக்கிறதாம். தும்மலாலா என்று கேட்டேன். அதெல்லாம் சொல்ல முடியாது, வருவது வரும் என்றார். மேஜைமேல் படுத்தபடியே அழுதுவிட்டேன். டாக்டரம்மா கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்டூலை இழுத்து என் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"முதல்ல வந்தப்ப உங்களுக்கு இருந்தது வேற, இப்ப இருக்கறது வேற. இது இப்படியே இருந்துடலாம். அதிகமானா வளையம் இருக்கு, அதுக்கு மேலயும் வழி இருக்கு. நீங்க பயந்துகிட்டு நாள் பூரா இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க பாருங்க, பாதிக் கனம் அதுதான். நடங்க. சாப்பிடுங்க. தும்மல் வந்தா தும்முங்க. அந்தக் கண்ணாடியை மட்டும் வீட்டுக்குப் போனதும் யார்கிட்டயாவது கொடுத்துடுங்க."

வீட்டுக்கு வந்து உன் மாமாவிடம் எல்லாம் சொன்னேன். கண்ணாடியையும் கொடுத்தேன். இத்தனை நாள் தனியாகவா பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டார், அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேரண்டி இல்லைன்னுதான் சொன்னேன், ஓடாதுன்னு சொல்லலையே. சர்வீஸ் பண்ணிப் பண்ணி முப்பது வருஷமா ஓடற லிஃப்டெல்லாம் என் கையில இருக்கு" என்றார். அன்றைக்கே இதைச் சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று திட்டினேன்.

பயம் போகவில்லை வாலு. ஆனால் காலையில் நடக்கிறேன். ராத்திரி வயிறு நிறையச் சாப்பிடுகிறேன். வேலைக்கும் போகிறேன்.

உனக்கு வேண்டியதைச் செய்துகொள். நான் கேட்டதற்குப் பதில் சொல்ல இஷ்டமில்லை என்றால் சொல்லவேண்டாம். உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி போடு.

உன் அக்கா

&nbsp;

ஜூலை 6

என் அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். ஒரு வரிக்கு மேலேயே எழுதுகிறேன். தலையணை பக்கத்தில் இருக்கிறதா?

பிப்ரவரியில் ஒருநாள், சாயந்திரக் கூட்டம். பின்வாசல் வழியாக ஒருவர் ஆள் உயரக் கண்ணாடி ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்து நடுவில் நிறுத்திவிட்டார். மனிதர் கண்ணாடிக்குப் பின்னால், அவர் தலைகூடத் தெரியவில்லை. நான் முன்பக்கத்திலிருந்து டிக்கெட் டிக்கெட் என்று இடித்துப் பிடித்து வருகிறேன். எதிரே ஒரு கண்டக்டரம்மா. தோளில் பை, கையில் டிக்கெட் மெஷின், கழுத்தில் விசில். என் பக்கமாகவே வருகிறாள். எனக்கு வந்ததே ஆத்திரம்! எத்தனை தடவை மனுப் போட்டு வாங்கிய ரூட் தெரியுமா? "ஏம்மா, இது என் வண்டி. உன்னை யாரு இதுல டூட்டி போட்டது?" என்றேன். அவளும் என்னைப் பார்த்து வாயை வாயை அசைக்கிறாள், சத்தத்தைக் காணோம். "சத்தமா சொல்லு, பயமா இருக்கா?" என்று விரலை நீட்டினேன். அவளும் நீட்டினாள். பஸ்ஸே அடங்கிப்போய்ப் பார்க்கிறது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அந்த மனிதர் மெல்லத் தலையை நீட்டி, "எனக்கு ஒரு டிக்கெட் குடுங்க. அந்தம்மாவுக்கும் எடுக்கணும்னா சொல்லுங்க, எடுத்துடறேன்" என்றார். டிரைவர் அண்ணன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் கவிழ்ந்து சிரித்தார்.

இது முதல் பாதி. எழுதாமல் வைத்திருந்தது மறுபாதியைத்தான்.

எல்லாரும் சிரித்து ஓய்ந்தபிறகு நான் என் கம்பியில் சாய்ந்து நின்றேன். கண்ணாடி கடைசி ஸ்டாப் வரைக்கும் எதிரிலேயே இருந்தது. அதில் பார்த்தேன். தோள் கம்பியில், ஒரு கால் குறுக்கே, கை இடுப்புக்குப் பின்னால். அட, அம்மாவை அப்படியே உரித்து வைத்த மாதிரி நிற்கிறேனே என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது அக்கா. உனக்கு எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். இரண்டு நாளில் உன் முதல் கடிதம் வந்தது.

கடிதத்தில் வெளிக்கு வாலுத்தனம் பண்ணினேன். உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒரு வருஷத்துக்கு மேலாக இருந்தது. நிற்கிற அசதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்தபிறகு அந்தப் பொய்யும் செல்லவில்லை. நீ தேறிவிட்டால் போகலாம் என்று இருந்தேன். ஏப்ரலில் திரும்ப வந்துவிட்டது என்று எழுதினாய், நான் இடிந்துபோனேன்.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். எல்லாம் நன்றாகிவிட்டது என்று நீ எழுதியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன், என்னைத் தேற்றுகிறாய் என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு வருஷம் சாய்ந்து நின்றிருப்பேன். கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அழுதேன், ஆனாலும் வேலைக்குப் போகிறேன் என்று எழுதினாயே. திரும்ப வருவது என்றால் இவ்வளவுதானா என்று அதன் முகம் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாரமே போய்விட்டேன்.

வளையம் வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டு நாள் அந்நியமாக இருந்தது, இப்போது மறந்துவிடுகிறேன். தசைப் பயிற்சியும் சொல்லியிருக்கிறார்கள். ஆபரேஷன் வேண்டுமா என்று பின்னால் பார்ப்பார்களாம். உட்காருகிற வேலை கேட்டு டிப்போவில் மனுக் கொடுத்திருக்கிறேன். மேனேஜர் காரணம் கேட்டார். கர்ப்பப்பை இறக்கம் என்று சொன்னேன். அவர்தான் தலை குனிந்துகொண்டார், நான் குனியவில்லை. கிடைக்குமோ கிடைக்காதோ தெரியாது. மகளிடமும் சொல்லிவிட்டேன். அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

அடுத்த மாதம் லீவு கிடைத்தால் உன்னைப் பார்க்க வருகிறேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: மகாராணி மாதிரிதான் நின்றுகொண்டிருந்தேன்.

வாலு

&nbsp;

ஜூலை 15

என் வாலு,

உன் கடிதத்தை லாண்டரியில் மடிக்கிற மேஜையில், பாதி மடித்த விரிப்பைப் பிடித்துக்கொண்டே படித்தேன். "அந்தம்மாவுக்கும் எடுக்கணும்னா" என்ற இடத்தில் வெடித்துச் சிரித்துவிட்டேன். எதிரில் பிடித்திருந்தவள் பயந்துபோய் அவள் பக்கத்தை விட்டுவிட்டாள். மேஸ்திரியம்மாள் ஓடிவந்தாள். சிரிப்பை அடக்கவே முடியவில்லை, கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்புறம் மறுபாதியைப் படித்தேன். நீர் அப்படியே நின்றுகொண்டிருந்தது, காரணம்தான் மாறிவிட்டது.

சாயந்திரம் வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. அவ்வளவு சிரித்தும் என் கை வயிற்றைப் பிடிக்கப் போகவில்லை. விரிப்பு ஒரு கையில், உன் கடிதம் ஒரு கையில். பிடிக்கவேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. கனம் இன்றைக்கும் கொஞ்சம் இருந்தது. நாளைக்கும் இருக்கலாம்.

உன் மாமா உனக்கு இரண்டு சேதி சொல்லச் சொன்னார். கைக்கண்ணாடி அவருடைய சாமான் பெட்டியில் இருக்கிறது, மெஷினுக்கு அடியில் பார்க்க உதவுகிறதாம். பால் இப்போதெல்லாம் பொங்குவதில்லையாம். இரண்டாவதை நம்பாதே.

லீவு கிடைத்ததும் வா. வந்தால் வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்காதே. நேராக உள்ளே வந்து உட்கார்.

உன் அக்கா